72 கெஜம், 66 மீட்டர்

1984-ல் தாராபுரம் பெரியார் மாவட்டத்தில் இருந்தது. திருப்பூர் கோவை மாவட்டத்தில் இருந்தது. நடுவே ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். ஆனாலும் பனியன் கம்பெனி வேலைக்குப் போவது அந்நாளில் ஊரை விட்டுப் போவதாகவே இருந்தது. அமராவதித் தண்ணீர் எட்டிய இடத்தில் நெல், எட்டாத இடத்தில் சோளமும் கம்பும் பருத்தியும். மழை பொய்த்த ஆண்டுகளில் இளவட்டங்கள் திருப்பூருக்குப் போய், லைன் வீட்டில் நாலைந்து பேராகத் தங்கி, டைலருக்கு உதவும் கைமடியாகச் சேர்ந்து, பிறகு டைலர் ஆனார்கள். 2009 முதல் இரண்டு ஊரும் ஒரே மாவட்டம். இப்போது விடியும்போதே கம்பெனி வேன் குண்டடம், மூலனூர் பக்கத்து ஊர்களுக்குள் நுழைந்து ஆளேற்றிப் போகிறது. ஏறுகிறவர்களில் பெண்களே அதிகம். தையல் கூடங்களும் தாராபுரம் வரை வந்துவிட்டன. இங்கே இடமும் மலிவு, கூலியும் சற்றுக் குறைவு என்பதை யாரும் மறைப்பதில்லை.

கூலி பற்றிய வழக்கு மட்டும் 40 ஆண்டுகளாக ஒரே சொற்களில் நடக்கிறது. கூலியை உயர்த்தினால் தொழில் படுத்துவிடும் என்கிறது ஒரு தரப்பு. இந்தச் சம்பளத்தில் குடும்பம் ஓடாது என்கிறது மறு தரப்பு.

1984-ல் அந்த வழக்கு வீதிக்கு வந்தது. பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாரச் சம்பளத்தை நம்பிய குடும்பங்கள் நாலு மாதம் தாக்குப்பிடித்து நின்றதை இன்றைக்கு நினைத்துப் பார்ப்பதே கடினம். அன்று திருப்பூரின் சரக்கு பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தைக்கான வெள்ளை பனியன். ஏற்றுமதி ஆண்டுக்கு 10 கோடி ரூபாய் அளவில்தான் இருந்தது. இப்போது அது 40 ஆயிரம் கோடியை எட்டிய தொழில். நேரடியாகவே சுமார் 6 லட்சம் பேருக்கு வேலை தருகிறது. பஞ்சப்படி கேட்டதால் தொழில் அழியவில்லை.

ஆனால் இந்தக் கணக்கோடு நிறுத்திவிட முடியாது. போராட்டத்துக்குப் பிறகு ஒரே கூரையின்கீழ் நடந்த வேலை பிரிந்தது. கட்டிங் ஓரிடம், தையல் ஓரிடம், செக்கிங் வேறோரிடம் என்றானது. பத்து, இருபது மெஷின் வைத்த பவர் டேபிள் பட்டறைகள் பெருகின. பஞ்சப்படி கேட்ட தொழிலாளி பீஸ் ரேட்டுக்கும் கான்ட்ராக்டுக்கும் மாறினார். அவர்களில் பலர் தாங்களே பட்டறை போட்டு முதலாளி ஆனது பெரிய லாபம். மெஷினில் உட்கார்ந்தவர் மெஷினுக்குச் சொந்தக்காரர் ஆக இவ்வளவு அகலமான வழி திறந்திருந்த தொழில் நகரங்கள் குறைவு. கூலி கேட்டுப் போய் நிற்க ஒரு வாசல் இருந்ததே, அது போனது இழப்பு.

சட்டத்தின் நடை இன்னும் மெதுவானது. 1948-ன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 5 ஆண்டுகளுக்கு மேற்படாமல் கூலியை மறுஆய்வு செய்யச் சொன்னது. தமிழ்நாட்டில் தையல் தொழிலுக்கு 2004-ல் அறிவித்த உயர்வு வழக்குகளில் சிக்கிக் கைக்கு வராமலே போனது. 2014 டிசம்பரில் அரசு மீண்டும் உயர்த்தியது. உரிமையாளர்கள் மீண்டும் நீதிமன்றம் போனார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் வாதத்தை ஏற்க மறுத்து, 30 சதவீதம் வரையிலான உயர்வையும் 2014 முதலான நிலுவையையும் தரச் சொன்னது. 2004-ல் கைக்குழந்தையோடு வேலைக்குச் சேர்ந்த ஒரு தாய்க்கு அந்த உயர்வு உறுதியானபோது, பிள்ளை ஏழாம் வகுப்புக்கு வந்திருக்கும்.

சட்டத்தை எதிர்பார்க்காமல் தானே பேசி முடிக்கும் வழக்கம் திருப்பூருக்கு உண்டு. உரிமையாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து 2016-ல் 4 ஆண்டுகளுக்கு 33 சதவீதம் என்று கையெழுத்திட்டன. 2021-ல் 32 சதவீதம். அதில் முதல் ஆண்டுக்கே 19. இந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதிய ஷிப்ட் கூலி எல்லாக் கூடங்களுக்கும் வந்து சேர்வதில்லை. கூடம் திருப்பூரிலிருந்து விலக விலக, கூலியும் அந்தத் தாளிலிருந்து விலகுகிறது.

கைதேர்ந்த ஓவர்லாக் டைலருக்குக் குறைந்தபட்சக் கூலி பெரிய விஷயமல்ல. சீசனில் பீஸ் ரேட்டில் அதைத் தாண்டிச் சம்பாதித்துவிடுவார். நூல் வெட்டும், செக்கிங் பார்க்கும், அடுக்கிக் கட்டும் பெண்ணுக்கோ அரசு எழுதும் எண்தான் சம்பளம். வருமானத்தைக் கூட்ட அவளுக்கிருக்கும் ஒரே வழி ஒன்றரை ஷிப்ட்: காலை எட்டரை முதல் இரவு எட்டரை. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். பல கூடங்களில் நடப்பது ஒற்றைக் கணக்கு. வேன் பயணத்தையும் சேர்த்தால் அவளுடைய நாளில் வீட்டுக்கு மிஞ்சுவது தூக்கம்தான்.

சிறு பட்டறைக்காரரின் முறையீட்டையும் நான் தள்ளமாட்டேன். ஒரு உருப்படிக்கு இவ்வளவு தையல் கூலி என்று பெரிய கம்பெனி பேசுகிறது. கம்பெனிக்கு விலையை வெளிநாட்டு வாங்குவோர் சொல்கிறார்கள். நூல் விலையும் மின்கட்டணமும் பட்டறைக்காரர் கையில் இல்லை. அவர் கைவைக்க முடிந்தது கூலி ஒன்றில்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது முதலில் மூச்சு முட்டியதும் இப்படிப்பட்டவர்களுக்குத்தான்.

1992-ல் நியூ ஜெர்சியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக ஏறியபோது, உணவகங்களில் வேலை குறையவில்லை என்று டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் கண்டார்கள். கார்டுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதை அப்படியே இங்கே பொருத்த முடியாது. உணவகம் நாடு மாறாது, டி-ஷர்ட் ஆர்டர் மாறும். ஆனால் அது எங்கே மாறிப்போகும் என்று நாம் அஞ்சுகிறோமோ, அந்த வங்கதேசத்திலேயே ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதக் கூலி 2006-ல் 1,662 டாக்கா. 2023 டிசம்பர் முதல் 12,500. விலைவாசியும் கூடவே ஏறியது உண்மை. இருந்தும் உலக ஆடை ஏற்றுமதியில் முன்வரிசையில்தான் அந்நாடு நிற்கிறது.

1957-ல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஒரு தொழிலாளர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி என்ற அளவை வைத்துக் கூலியைக் கணக்கிடச் சொன்னது. ஊதியச் சட்டத் தொகுப்புக்காக 2020-ல் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகளில் அது 66 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. 60 ஆண்டுகளில் கெஜம் மீட்டர் ஆனதே தவிர, துணி ஒரு முழம்கூடக் கூடவில்லை. உலகத்துக்குத் துணி தைக்கிறவர்களின் தேவை இந்தக் கணக்கில்தான் அளக்கப்படுகிறது.

நல்ல மாற்றங்களும் உண்டு. மூன்றாண்டு முடிவில் 30 ஆயிரம், 50 ஆயிரம் தருவதாகச் சொல்லி நூற்பாலைகள் பெண் பிள்ளைகளை விடுதியில் வைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டத்தின் பிடி தளர்ந்திருக்கிறது. 100 நாள் வேலையின் தினக்கூலி தொடக்கத்தில் 80 ரூபாய், 2025-ல் 336. காட்டு வேலைக்கும் மில் வேலைக்கும் கூலி பேசும்போது சொல்ல ஓர் எண் கிடைத்தது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, பட்டியலில் உள்ள தொழில் என்ற வரம்பை நீக்கி, எல்லாத் தொழிலாளருக்கும் குறைந்தபட்சக் கூலி உரிமை என்கிறது.

உயர்வு வேண்டும் என்பதே என் தீர்ப்பு. அதன் சுமை பவர் டேபிள்காரர் தலையில் மட்டும் விழக்கூடாது. தொழிலாளியின் கூலி ஏறும் அதே நாளில், வேலை கொடுக்கும் கம்பெனி பட்டறைக்குத் தரும் உருப்படிக் கூலியும் ஏற வேண்டும். அடுத்த ஒப்பந்தத்தில் உரிமையாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இதை எழுத்தில் சேர்க்க வேண்டும். திருப்பூருக்குப் பேசும் கூலியைத் தாராபுரம், மூலனூர், குண்டடம் கூடங்களுக்கும் பெயர் சொல்லிப் பேச வேண்டும்.