வளர்த்த பிள்ளை விலைப்பொருளா?

சென்ற வாரம் பழங்காநத்தத்திலிருந்து ஒரு தகப்பனார் நம் காரியாலயத்திற்கு வந்திருந்தார். லேத் பட்டறையில் வேலை செய்து ஜீவிப்பவர். பதினாறு வயதான அவருடைய குமாரன் கால்பந்தாட்டத்தில் கெட்டிக்காரன். வெளியூர்ச் சங்கம் ஒன்று அவனைத் தன் பயிற்சிக்கூடத்தில் சேர்த்துக்கொள்ள முன்வந்து, ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒப்பந்தம் ஒன்றையும் அனுப்பியிருந்தது. “ஐயா, இதில் கையெழுத்துப் போடலாமா?” என்று கேட்டார். படித்துப் பார்த்தோம். ஐந்து வருஷ காலம் பையன் வேறெங்கும் ஆடக் கூடாது. சங்கம் விரும்பினால் அவனை எவருக்கும் எத்தொகைக்கும் மாற்றிக் கொடுக்கலாம். அத்தொகையில் பையனுக்கோ, அவனுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்த பேட்டைச் சங்கத்திற்கோ ஒரு காசும் இல்லை. இடையில் விலகினால் தகப்பனார் நஷ்டஈடு கட்ட வேண்டும். ஷரத்துக்கள் யாவும் ஒரு பக்கமே சாய்ந்திருந்தன.

இது ஒரு குடும்பத்தின் சங்கடம் மட்டுமன்று. இளம் ஆட்டக்காரர்களைப் பயிற்றுவிக்கும் சங்கங்கள் அவர்களைத் தம்மிடமே வைத்துக்கொள்வதா, நல்ல விலை வந்தால் விற்றுவிடுவதா என்பது உலகெங்கும் நடந்துவரும் வாதம். வைத்துக்கொள்ள வேண்டும் என்போர், ஊரின் மானம் ஊர்ப் பிள்ளைகளாலேயே நிற்கிறது என்றும், ஒரு பிள்ளையை விற்ற பணம் ஒரு வருஷத்தில் கரைந்துவிடும், கோஷ்டியோ காலியாகிவிடும் என்றும் சொல்கிறார்கள். விற்றுவிட வேண்டும் என்போர், ஏழைச் சங்கத்திற்கு வேறு வரும்படி ஏது என்றும், திறமைசாலியைச் சிறிய இடத்தில் கட்டிவைப்பது அவனுக்கே துரோகம் என்றும் சொல்கிறார்கள். இரு சாராருடைய வாதத்திலும் உண்மை உண்டு. ஆயினும் இரு சாராரும் ஒரு தவற்றைப் பொதுவாகச் செய்கிறார்கள். பையனை ஒரு சரக்காகவே எண்ணி, அதைக் கிடங்கில் வைப்பதா சந்தையில் விற்பதா என்று பேசுகிறார்கள். மனிதனை மனிதன் உடைமையாகக் கொள்வதை எதிர்த்துப் போராடிய தேசத்தில் இப்பேச்சு நம் காதுக்கு இனிக்கவில்லை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி மைனருக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதி கிடையாது. மைனர் செய்த ஒப்பந்தம் ஆதியிலிருந்தே செல்லாது என்று 1903இல் பிரிவி கவுன்சில், மோஹரி பீபி வழக்கில் தீர்ப்பளித்தது. தகப்பனார் கையெழுத்திட்டால் குறை தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். சினிமாவில் நடிப்பதற்காக ஒரு மைனர் பெண்ணின் பேரில் தந்தை செய்த ஒப்பந்தமும் செல்லாது என்று பம்பாய் ஹைக்கோர்ட்டு கூறிய தீர்ப்பு 1949ஆம் வருஷத் தீர்ப்புத் திரட்டிலே இருக்கிறது. பதினெட்டு வயது கடந்த பின்னரோ, ஒருவன் நேர்மையான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று அதே சட்டத்தின் 27ஆவது பிரிவு காத்து நிற்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானை ஒரு கம்பெனி ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் கட்டுப்படுத்த முயன்றபோது, 2006இல் சுப்ரீம் கோர்ட்டு அதனை ஏற்கவில்லை. ஆகவே, “ஒப்பந்தம் இருக்கிறது, பையன் எங்கள் சொத்து” என்று மார்தட்டும் சங்கம் மணல்மேல் வீடு கட்டியிருக்கிறது.

கால்பந்தாட்டத்தின் தாய்நாடு என்று சொல்லப்படும் இங்கிலாந்திலும் இவ்வாறே ஆயிற்று. ஒப்பந்தக் காலம் முடிந்த ஆட்டக்காரனையும் விடாமல் பிடித்துவைக்கும் வழக்கம் அங்கே நெடுங்காலம் நிலவியது. ஜார்ஜ் ஈஸ்தாம் என்ற ஆட்டக்காரர் நியூகாசில் சங்கத்தின்மீது வழக்குத் தொடுத்து, அவ்வழக்கம் நியாயமற்ற தொழில்தடை என்று 1963இல் தீர்ப்புப் பெற்றார். 1995 டிசம்பரில் பெல்ஜியம் தேசத்துப் போஸ்மான் என்பவர் வழக்கில், ஒப்பந்தம் முடிந்தவன் மாற்றுத்தொகை எதுவுமின்றி வேறு சங்கத்திற்குப் போகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்தது. ஆட்டக்காரன் விடுதலை பெற்றான். அதைப் பற்றி நமக்கு மகிழ்ச்சியே.

நிற்க. இந்த விடுதலையின் சுமை எவர் தோளில் விழுந்தது என்பதையும் யோசிக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாம் நகரத்து அயாக்ஸ் சங்கம் சிறு பிராயத்திலேயே பிள்ளைகளைச் சேர்த்து ஆளாக்குவதில் பேர்பெற்றது. 1995 மே மாதம் வியன்னாவில் மிலான் சங்கத்தை வென்று ஐரோப்பியக் கோப்பையை அடைந்தபோது, வெற்றிக் கோல் அடித்த குளூய்வர்ட்டுக்குப் பதினெட்டே வயது. அடுத்த இரண்டு வருஷங்களுக்குள் ஸீடார்ப், டேவிட்ஸ், ரைஸிகர், குளூய்வர்ட் ஆகிய நால்வரும் போய்விட்டார்கள். கடைசி மூவருக்காகவும் அயாக்ஸ் பெற்ற மாற்றுத்தொகை பூஜ்யம். செல்வமிக்க ஐரோப்பியச் சங்கத்திற்கே இக்கதியென்றால், பூட்ஸ் வாங்கிக்கொடுக்கவும் கடலையும் முட்டையும் போடவும் கடன் வாங்கும் நம்மூர்ச் சங்கத்தின் கதி என்ன? பயிர் செய்தவனுக்குக் கூலியே இல்லையென்றால் அடுத்த வருஷம் எவன் ஏர் பூட்டுவான்?

இந்தக் கேள்விக்கு விடையாகவே சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனமாகிய பீஃபா 2001இல் புதிய விதிகளை ஏற்படுத்தியது. ஆட்டக்காரன் அயல்நாட்டுச் சங்கமொன்றில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் செய்யும்போதும், இருபத்துமூன்று வயதுப் பருவம் முடியும்வரை ஒவ்வொரு முறை வெளிநாட்டுச் சங்கத்திற்கு மாறும்போதும், அவனைப் பயிற்றுவித்த சங்கத்திற்குப் பயிற்சி நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. சர்வதேச மாற்றங்களில் கைமாறும் தொகையில் நூற்றுக்கு ஐந்து பங்கை, அவனைப் பன்னிரண்டு வயதுமுதல் இருபத்துமூன்று வயதுவரை வளர்த்த சங்கங்களுக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுவரை ஆண்டுக்கு நூற்றுக்குக் கால் பங்கு; அதன்பின் ஆண்டுக்கு அரைப் பங்கு. மதுரையில் அந்த முதல் நான்கு வருஷங்கள் மட்டும் ஆடிய ஒரு பையன், பிற்காலத்தில் ஒரு கோடி ரூபாய்க்கு அயல்நாடு மாறுவானாயின், அவனைத் தொடக்கத்தில் தாங்கிய சங்கத்திற்கு ஒரு லக்ஷம் ரூபாய் வரவேண்டும். உள்நாட்டு மாற்றங்களிலும் பயிற்றுவித்த சங்கங்களுக்கு ஈடு கிடைக்க ஒவ்வொரு தேசச் சம்மேளனமும் வழிசெய்ய வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. பதினெட்டு வயது நிரம்பாதவனோடு மூன்று வருஷத்திற்கு மேற்பட்ட ஒப்பந்தம் கூடாது என்பதும் அவற்றில் உண்டு. பழங்காநத்தத்துப் பையனுக்கு நீட்டிய ஐந்து வருஷ ஒப்பந்தம் நம் சட்டத்திற்கு மட்டுமின்றி ஆட்ட விதிக்கே விரோதமானது.

இனி, தமிழ்நாட்டில் நடந்ததைப் பார்ப்போம். கோயமுத்தூரைக் களமாகக் கொண்ட சென்னை சிட்டி சங்கம் 2018–19ஆம் வருஷத்து ஐ-லீக் போட்டியில் முதலிடம் பெற்றது. அக்கோஷ்டியில் ஆடிய தமிழ் வாலிபர்களில் எட்வின் சிட்னி வான்ஸ்பால் 2019இல் சென்னையின் எப்.ஸி.க்கும், அலெக்ஸாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் 2020இல் கோவாவுக்கும் போனார்கள். கன்யாகுமரிக் கடற்கரையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் அதற்கு முன்பே, 2018இல், ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். பெரிய அரங்கிற்குப் போன வாலிபர்களை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் வெற்றிக் கோப்பை தூக்கிய அந்தச் சங்கம் 2020–21க்குப் பின் ஐ-லீக்கில் காணப்படவேயில்லை. அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். கோப்பை வந்த வீட்டில் வேர் நிலைக்கவில்லை என்பதுமட்டும் கண்கூடு.

வெளியே போவதால் நன்மையே இல்லையோ எனின், உண்டு. காரைக்குடியை அடுத்த கண்டனூர்ப் பையன் சிவசக்தி நாராயணன், முன்னாள் இந்திய ஆட்டக்காரர் ராமன் விஜயன் நடத்தும் பயிற்சிப் பள்ளியில் ஆடிப் பின்னர் பெங்களூரு சங்கத்தில் சேர்ந்தார். 2022இல் டூரண்டு கோப்பை இறுதி ஆட்டத்தில் பெங்களூரின் முதல் கோலை அடித்தவர் அவரே. 2022–23ஆம் வருஷத்து இந்தியன் சூப்பர் லீக்கில் வளரும் ஆட்டக்காரருக்கான பரிசும் அவருக்கே கிடைத்தது. அவரை ஊரிலேயே கட்டிப்போட்டிருந்தால் இந்தப் புகழ் வந்திராது. ஆகையால் “ஒருவரையும் விடாதே” என்ற கொள்கை தேசத்துக்கும் உதவாது, பிள்ளைக்கும் உதவாது.

அதேசமயம், எங்கே போனாலும் ஆடக் களம் கிடைக்க வேண்டும். மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து பதினெட்டும் பத்தொன்பதும் கழிந்துவிட்டால், பெரிய சங்கத்தின் சட்டை போட்டதால் என்ன பயன்? இதை உணர்ந்தே அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2010இல் இளைஞர்களை மட்டும் கொண்டு ஒரு கோஷ்டி அமைத்து ஐ-லீக்கில் ஆடவிட்டது. பின்னர் ‘இந்தியன் ஆரோஸ்’ எனப் பெயர்பெற்ற அக்கோஷ்டி 2013இல் கலைக்கப்பட்டு, 2017இல் மீண்டும் தோன்றி, 2022இல் மறுபடி மூடப்பட்டது. இளைஞன் வாரந்தோறும் ஆடவேண்டும் என்ற அதன் தத்துவம் சரியானதே. அதைத் தலைமை ஸ்தாபனம் ஒன்றே செய்துகொண்டிருக்க முடியாது. ஊர்ச் சங்கங்கள்தாம் செய்ய வேண்டும்.

நம் மதுரைக்கு இதில் தனிப் பெருமையும் தனிக் குறையும் உண்டு. மதுரையின் சேது சங்கத்துப் பெண்கள் 2019இல் லூதியானாவில் மணிப்பூர்ப் போலீஸ் கோஷ்டியை 3–1 என்ற கணக்கில் வென்று, இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அவ்வருஷம் சேதுவுக்கு ஆடிய நேபாளத்து ஸாபித்ரா பண்டாரி அடுத்த வருஷமே கோகுலம் கேரளாவுக்குச் சென்று பதினாறு கோல் அடித்தார். பட்டமும் கோகுலத்திற்கே போயிற்று. பண்டாரி பயிற்சி முடித்தே வந்தவர். அவர் போனதைப் பற்றி வழக்கில்லை. ஆனால் இங்கேயே பந்து பழகும் நம் பெண்களின் விஷயம் வேறு. மேலே சொன்ன பயிற்சி நஷ்டஈடு பெண்கள் ஆட்டத்திற்குப் பொருந்தாது என்று பீஃபா விதியிலேயே எழுதியிருக்கிறது. 2023ஆம் வருஷப் பதிப்பிலும் அவ்வாசகம் இருந்தது. பையனை வளர்த்தால் ஈடு, பெண்ணை வளர்த்தால் ஈடில்லை என்பது என்ன நீதி? உலக விதி திருந்தும்வரை நம் தேசத்துச் சம்மேளனம் காத்திருக்க வேண்டியதில்லை. உள்நாட்டு மாற்றங்களிலேனும் பெண்களைப் பயிற்றுவிக்கும் சங்கங்களுக்கு ஈடு கொடுக்கும்படி அது ஏற்பாடு செய்யவேண்டும்.

நமது அபிப்பிராயத்தைச் சுருங்கச் சொல்கிறோம். வைத்துக்கொள்வதும் விற்பதும் சங்கத்தின் உரிமையல்ல. போவதா நிற்பதா என்பது வாலிபனுடைய உரிமை; வளர்த்ததற்கு ஈடு பெறுவது சங்கத்தின் உரிமை. பதினெட்டு வயதுவரை பிள்ளை வீட்டருகே ஆடட்டும், பள்ளிப் படிப்பை முடிக்கட்டும், சொந்த ஊர்க் கோஷ்டியின் முதல் வரிசையில் ஒரு பருவமேனும் ஆடட்டும். அதன்பின் போக விரும்பினால் மனமார வழியனுப்ப வேண்டும். வாங்கும் சங்கம் ஊர்ச் சங்கத்திற்குரிய ஈட்டை ஒப்பந்தத்திலேயே எழுதித்தர வேண்டும்.

இவ்வீட்டைப் பெறுவதற்கு ஒரு காரியம் இன்றியமையாதது. இன்ன வயதில் இன்ன சங்கத்தில் இவன் ஆடினான் என்பதற்குப் பதிவு வேண்டும். அகில இந்தியச் சம்மேளனம் அதற்கென மத்தியப் பதிவு முறை ஒன்றை வைத்திருக்கிறது. நம் பேட்டைச் சங்கங்களில் எத்தனை அதில் தம் பிள்ளைகளைப் பதிவு செய்திருக்கின்றன? போட்டி வரும்போது துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதிக் கொடுப்பதோடு நின்றுவிடுகிறோம். பதிவில்லாத சங்கத்திற்கு எந்த விதியும் காசு கொடுக்காது. வார்டுதோறும் கமிட்டி அமைத்து ஊர்வலம் நடத்தத் தெரிந்த நம் தொண்டர்களுக்கு, பன்னிரண்டு வயது நிரம்பிய ஒவ்வொரு பிள்ளையையும், ஆணோ பெண்ணோ, பதிவில் ஏற்றுவது அருமையான வேலையன்று. 1911ஆம் வருஷம் ஜூலை 29ஆம் தேதி மோகன் பகான் கோஷ்டியார் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலப் பட்டாளத்தாரை வென்றபோது தேசமே தலைநிமிர்ந்தது. அந்தத் தேசாபிமானத்தின் இக்காலத்துக் கடமை இந்தச் சின்னப் பதிவேடுதான் என்று சொன்னால் யாரும் நகைக்க வேண்டாம்.

பழங்காநத்தத்துத் தகப்பனாரிடம் நாம் பையனை அனுப்பாதீர்கள் என்று சொல்லவில்லை. காலம் மூன்று வருஷத்திற்கு மேற்படக் கூடாது. படிப்பு நிற்கக் கூடாது. மாற்றுத்தொகை வந்தால் பையனுக்கும் பேட்டைச் சங்கத்திற்கும் பங்கு வேண்டும். விலகினால் தகப்பனாருக்கு அபராதம் கூடாது என்று நான்கு ஷரத்துக்களை எழுதி, கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பச் சொன்னோம். பதினெட்டு வயதில் பையன் தானே படித்துப் பார்த்துத் தன் கையெழுத்தைப் போடட்டும் என்றும் சொன்னோம். அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “அதுவரை இங்கே ஆடுவதற்குக் களம் இருக்குமா, ஐயா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் மதுரைச் சங்கத்தார்களும், இதைப் படிக்கும் நம் நேயர்களுமே.