உறுமலை அடக்கினால் கடிதான் மிஞ்சும்

பிடிவாதமான, முரட்டு சுபாவமுள்ள நாயும் நடை பழகும் குழந்தையும் ஒரே வீட்டில் வளர்கிறார்கள் என்றால், பெரியவர்கள் உடனே கைவிட வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு: உறுமியதற்காக நாயை அடிப்பது. எலும்பைக் கவ்விக்கொண்டு படுத்திருக்கும் நாயின் பக்கத்தில் பிள்ளை போகிறது. நாய் அடித்தொண்டையில் உறுமுகிறது. அப்பா ஓடிவந்து செருப்பால் ஒன்று போடுகிறார். இந்த வீட்டில் யார் பெரியவர் என்று அதற்குத் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். நாய் கற்றுக்கொள்வதோ வேறு. குழந்தை நெருங்கினால் எலும்பு பறிபோகும், உறுமினால் அடி விழும். அடுத்த முறை அது உறுமாமல், நேரே கடிக்கக்கூடும்.

யார் பெரியவர் என்ற இந்தக் கருத்து ஓநாய்களைப் பார்த்து வந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்த ருடால்ஃப் ஷெங்கல், அவை தலைமைக்காக மோதிக்கொள்வதை 1947-ல் எழுதினார். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970-ல் வெளியிட்ட நூல் அந்தக் கருத்தை உலகெங்கும் கொண்டுபோனது. அதே மெக் பின்னர் கனடாவின் எல்லெஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களுடன் பல கோடைகளைக் கழித்தார். அங்கே அவர் கண்டது தாய், தகப்பன், குட்டிகள் அடங்கிய சாதாரணக் குடும்பத்தை. 1999-ல் தன் பழைய கருத்தைத் தானே திருத்தி எழுதினார். நாய்ப் பயிற்சியாளர்கள் பலரை அந்தத் திருத்தம் இன்னும் எட்டவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஏனென்றால், அந்தப் பழைய கருத்தின் விலையைக் கொடுப்பவர்கள் வீட்டில் இருப்பவர்கள். நடத்தைச் சிக்கல்களுக்காக அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு நாய்களைக் கொண்டுவந்தவர்களிடம் மேகன் ஹெரான் குழுவினர் விசாரித்து, 2009-ல் முடிவுகளை வெளியிட்டனர். அடித்தோ உதைத்தோ திருத்த முயன்றபோது 43 சதவீத நாய்கள் ஆக்ரோஷமாக எதிர்வினை காட்டின. வாயில் இருப்பதைப் பலவந்தமாகப் பிடுங்கியபோது 39 சதவீதம். மல்லாக்கப் புரட்டி அமுக்கியபோது 31 சதவீதம்.

அதே பல்கலைக்கழகத்தில் இலானா ரைஸ்னர் குழுவினர், குழந்தைகளைக் கடித்த 111 நாய்களைப் பற்றி 2007-ல் எழுதிய கட்டுரையைப் பெற்றோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு நாய்கள் அதற்கு முன் எந்தக் குழந்தையையும் கடித்ததில்லை. ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள் மிக அதிகமாகக் கடிபட்டது சாப்பாடு, எலும்பு போன்றவற்றை நாய் காவல் காத்துக்கொண்டிருந்தபோது. சுமார் பாதி நாய்களுக்கு ஏதோ உடல்நலக் குறை இருந்தது அல்லது இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள். எனவே திடீரென முரடாகிப்போன நாயை முதலில் காட்ட வேண்டியது கால்நடை மருத்துவரிடம். சீழ் பிடித்த காதும் வலிக்கும் இடுப்பு மூட்டும் வெளியே தெரியாது. அந்த இடத்தில் குழந்தையின் கை பட்டால்தான் தெரியும்.

உறுமல் முதல் எச்சரிக்கையும் அல்ல. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, மூக்கை நக்கிக்கொள்வது, முகத்தைத் திருப்புவது, எழுந்து விலகுவது, பிறகு உடல் விறைத்து முறைத்துப் பார்ப்பது எனப் படிப்படியாக ஏறும் அறிகுறிகளைப் பிரிட்டன் கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். உறுமல் அந்த ஏணியின் மேல்படிகளில் ஒன்று. சிறு பிள்ளைகளுக்கு இது எதுவும் புரியாது. லிங்கன் பல்கலைக்கழகத்தின் கெர்ஸ்டின் மைன்ட்ஸ் நடத்திய ஆய்வுகளில், பல்லைக் காட்டும் நாய் சிரிக்கிறது என்று சொன்ன குழந்தைகள் பலர். போதாததற்கு, குழந்தையின் முகம் நாயின் வாய் மட்டத்தில் இருக்கிறது. அதனால்தான் சின்னஞ்சிறார்களுக்குக் கடி பெரும்பாலும் தலையிலும் முகத்திலும் கழுத்திலும் விழுகிறது. நாயிடம் பார்த்து நடந்துகொள் என்று மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போவது பாதுகாப்பே அல்ல.

செய்ய வேண்டியது வீட்டைப் பிரிப்பது. நாய் சாப்பிடுவது மூடிய கதவுக்குப் பின்னால். அது தூங்கும் மூலைக்குக் குழந்தை போகக் கூடாது. நடுவே இடுப்புயரத் தடுப்புக் கதவு இருக்கட்டும். பெரியவர் ஒருவர் கண் வைத்திருக்க முடியாத நேரத்தில் இருவரும் ஒரே அறையில் வேண்டாம், ஒரு நிமிடம்கூட. ராஜபாளையம் போன்ற காவல் நாய்களை வைத்திருப்பவர்கள் சிலர் இதற்காக மொட்டை மாடியில் நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிவிடுகிறார்கள். அது தீர்வாகாது. ஓட்டமும் மோப்பமும் மனிதத் துணையும் இல்லாத நாய் கீழே இறங்கும்போது இன்னும் படபடப்பாகவே இறங்கும். காலையும் மாலையும் ஆற அமர முகர்ந்து நடக்க விடுங்கள்.

உணவைக் காக்கும் குணத்தை மெல்ல மாற்றவும் முடியும். நாய் தன் தட்டில் சாப்பிடும்போது, அது பதற்றமடையாத தூரத்தில் பெரியவர் ஒருவர் நடந்துபோகிறார். போகிற போக்கில் தட்டில் இருப்பதைவிட ருசியான கோழித்துண்டு ஒன்றை வீசுகிறார். இது நாள்தோறும் நடக்கிறது. மனிதர் நெருங்கினால் பறிபோகும் என்றிருந்த நாய், நெருங்கினால் கிடைக்கும் என்று எதிர்பார்க்கத் தொடங்குகிறது. பிறகு தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். மணியோசை கேட்டே நாய்க்கு எச்சில் ஊற வைத்த பாவ்லோவின் விதிதான் இங்கும் வேலை செய்கிறது. இந்தப் பயிற்சியில் குழந்தைகளுக்கு இடமில்லை. கடித்த வரலாறுள்ள நாய் என்றால் பெரியவர்களும் தாமாக முயல வேண்டாம். நடத்தையியல் தெரிந்த கால்நடை மருத்துவரின் துணை தேவை. வாய் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் தரும் கூடை வடிவ வாய்ப்பூட்டுக்கு நாயை முன்கூட்டியே பழக்குவது நல்லது.

மீறிக் கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தானே என்று விடக் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் காயத்தில் அப்பாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் சில வீடுகளுக்குச் சில நாய்கள் பொருந்துவதில்லை. இடமில்லாத வீடு, ஓயாத ஓசை, கைக்குழந்தையும் பார்த்துக்கொள்ள ஆளின்மையும் சேர்ந்தால், பிள்ளைகள் இல்லாத இன்னொரு வீட்டைத் தேடுவதே அந்த நாய்க்கும் செய்யும் நல்லது. ஆனால் வாங்கிக்கொள்பவரிடம் அது எப்போது உறுமியது, யாரைக் கடித்தது என்பதை ஒன்று விடாமல் சொல்லிக் கொடுங்கள். தெருவில் கொண்டுபோய் விட்டால் ஆபத்து அடுத்த தெருப் பிள்ளைகளுக்கு.