குடிக்கூலி – 14: ஐந்நூறு ரூபாத் தோட்டம்

கொழும்பு நகர் நடுவில் ஒரு வெளிநாட்டுக்காரர் எப்படி வாடகைக்கு வீடு எடுக்கிறார் என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். போன வாரம் அட்வான்ஸ் காசில் நின்றோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். சொன்னபடி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு சின்ன விபரத்தைச் சரிபார்க்கப் போன இடத்தில் பெருந்தோட்டக் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளுக்குள் விழுந்துவிட்டேன். கணக்கெல்லாம் முடிந்த பிறகு, பின்பக்கங்களில், பொடி எழுத்தில், பங்குக்காரர்கூடப் படிக்காத குறிப்புகள் வரிசையாக இருக்குமே, அங்கே. ஆசிரியர் பீடத்துத் தம்பி போன் எடுத்துக்கொண்டே இருக்கிறார். நான் இன்னும் அந்தக் குறிப்பை விட்டு எழும்பவில்லை.

விஷயம் இதுதான். 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இல் வந்த திருத்தமும் தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. நட்டம் ஏறியது. 1992இல் இருபதுக்கு மேற்பட்ட பிராந்தியக் கம்பனிகளை உண்டாக்கித் தோட்டங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊர்ப் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட மடுல்சீமை பிளான்டேஷன்ஸும் அவற்றில் ஒன்று. காணியை விற்கவில்லை, குத்தகைக்குத்தான் கொடுத்தார்கள். 99 வருடக் குத்தகை. குத்தகைப் பணம், தோட்டமொன்றுக்கு வருடத்துக்கு 500 ரூபா.

மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு. ஏக்கருக்கு அல்ல, தோட்டத்துக்கு. கொழுந்து மலை, ஃபெக்டரி, பெரியதுரை பங்களா, சின்னதுரை பங்களா, ஸ்டாப் குவாட்டர்ஸ், டிஸ்பென்சரி, பிள்ளைக்காம்பரா, பீலி, மாரியம்மன் கோயிலடி, அத்தனை லயமும் சேர்த்துத்தான். பன்னிரண்டால் பிரித்துப் பார்த்தேன்: மாதம் 41 ரூபா 66 சதம். அந்தக் காலத்தில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறை எடுத்திருந்தோம். மாத வாடகை 1,200. என் பங்கு 300, வருடத்துக்கு 3,600. அந்தக் காசுக்கு ஏழு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துவிட்டு மிச்சம் நூறு ரூபாவுக்கு பதுளைக்குப் போய்ப் படமும் பார்த்திருக்கலாம். நான் ஒரு கட்டிலும் பாதி ஜன்னலும் எடுத்தேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த 500 ரூபா சும்மா பேருக்கு வைத்த தொகை. தொண்ணூறுகளின் நடுவில் குத்தகையைத் திருத்தினார்கள். 99 வருடம் 53 ஆகக் குறைந்து 2045இல் முடியும் என்றானது. பணமும் பெருமளவு ஏறியது. நாட்டின் பொது விலைமட்டம் ஏற ஏற அதுவும் ஏறும்படி கட்டிவிட்டார்கள். இன்று கம்பனிகள் கட்டுவது கோடிக் கணக்கு. இதை எழுதாவிட்டால் ஏதாவது ஒரு கணக்காளர் கடிதம் போடுவார்.

என்னை உட்கார வைத்தது தொகை மட்டுமில்லை. நாங்கள் சின்ன வயதில் பெரியதுரையைத்தான் வீட்டுக்காரர் என்று நினைத்தோம். அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இஸ்தோப்பிலிருந்து இறங்கி நின்றோம். பார்த்தால் அவர் வெறும் வேலைக்காரர், 1992க்குப் பிறகு வந்த கம்பனியும் வாடகைக் குடி. வீட்டுக்காரர் கொழும்பில் இருக்கிற அரசு. சரி, அப்படியானால் லயத்துக் காம்பராவில் இருந்த நாங்கள் யார்? வாடகைக் குடியா? வாடகை கட்டவில்லையே. சொந்தக்காரரா? உறுதி இல்லையே. 1972இலேயே வாடகைச் சட்டம் ஒன்றும் வந்தது, அந்த வருடத்து 7ஆம் இலக்கம். அடுத்த வருடம் பீட்டர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு அளவு போட்டு, மிச்ச வீடுகளில் குடியிருந்தவர்கள் அவற்றை வாங்கிக்கொள்ள வழி செய்தார்கள். கொழும்பில் வாடகைக்கு இருந்த எத்தனையோ பேர் அப்படி வீட்டுக்காரர் ஆனார்கள். அந்தக் காற்று பசறை தாண்டி எங்கள் பக்கம் வரவில்லை. எங்களுக்கு அந்த வருடங்கள் பஞ்ச வருடங்கள். மாவுக்கு வரிசையில் நின்ற கதையைத்தான் அம்மா சொல்லுவார்.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, பேர் தோட்டத்துச் சம்பளப் பட்டியலில், அதாவது செக்ரோலில், இருக்கும் வரை. வாடகை கிடையாது என்று கொழும்பில் சொன்னால் கேட்பவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால் வாடகை வாங்காதவர் ரசீதும் தருவதில்லை. காலையில் ஆள் எடுக்கிற பிரட்டுக்குப் போகிற கை இருந்தால் கூரை. வேலையை விட்டு நிறுத்தும் பற்றுச்சீட்டு வந்தால் சட்டி பானையோடு இறங்க வேண்டியதுதான். அதனால்தான் ஒரு வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வைத்திருப்பார்கள். படித்த பிள்ளை கொழும்புக்குப் போனாலும் அக்காவோ அண்ணியோ கூடையை விடமாட்டார்கள். கூடை போனால் காம்பரா போகும்.

மடுல்சீமைக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் இரண்டு வகை. ஒரு வகை தமிழ்நாட்டுத் தட்டப்பாறை முகாம் வழியாகக் கங்காணியோடு வந்தது. மற்றது கப்பலில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தது. இரண்டு பேரும் குடியிருப்புக்கு வாடகை கட்டவில்லை. துரைக்குப் பங்களா, அப்பு, தோட்டக்காரன், குதிரைக்காரன், எல்லாம் வேலையோடு வந்தவை. வேலை முடிந்த அன்று பங்களாவைக் கொடுத்துவிட்டுக் கப்பலேற வேண்டும். முப்பது வருடம் ரோஜா வளர்த்தவருக்கும் அந்தப் பங்களாவில் ஒரு செங்கல் சொந்தமில்லை. ஆனால் அவருக்குப் போக ஊர் இருந்தது, ஓய்வூதியம் இருந்தது. வித்தியாசம் அங்கேதான், வாடகையில் இல்லை.

இன்று கொழும்பில் வெளிநாட்டு அதிகாரிக்குக் கம்பனி எடுத்துக் கொடுக்கிற தொடர்மாடி வீடும் இந்த வகைதான். உடன்படிக்கை கம்பனி பெயரில், வாடகை டொலரில், நீச்சல் தடாகம் கீழே. வேலை முடிந்தால் திறப்பைக் கொடுத்துவிட வேண்டும். அவர் பெரிய காம்பராவில் இருக்கிறார், அவ்வளவுதான். இதைத்தான் இந்த வாரம் விரிவாக எழுத நினைத்திருந்தேன். அதற்குள் ஒரு வழக்கு குறுக்கே வந்துவிட்டது, அதைச் சொல்லாமல் நகர முடியாது.

செல்வநாயகம் எதிர் மன்னர். தந்தை செல்வா இல்லை. இவர் ஒரு தோட்டத்துக்காரர். வெளியேறச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பிறகும் தோட்டத்துக் குடியிருப்பை விட்டுப் போகவில்லை என்பது அவர் மேல் குற்றச்சாட்டு. வீட்டை விட்டு எழுப்ப வேண்டுமானால் சிவில் வழக்குப் போட வேண்டும், அது வருடக் கணக்கில் இழுக்கும். ஆகவே தண்டனைச் சட்டக் கோவையின் 427ஆம் பிரிவைப் பிடித்தார்கள்: குற்றவியல் அத்துமீறல். அந்தக் குற்றத்துக்கு ஒரு நோக்கம் வேண்டும். ஒரு குற்றம் செய்யவோ, காணியை வைத்திருப்பவரைப் பயமுறுத்தவோ, அவமதிக்கவோ, எரிச்சலூட்டவோ அங்கே இருந்திருக்க வேண்டும். இந்த மனிதர் குடும்பத்தோடு சோறாக்கித் தின்று தூங்கியதெல்லாம் நிர்வாகத்துக்கு எரிச்சலூட்டத்தான் என்று சொல்லித் தண்டித்துவிட்டார்கள். வழக்கு லண்டனுக்கு, பிரிவி கவுன்சிலுக்குப் போனது. தீர்ப்பு 1951ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் அச்சாகியிருக்கிறது.

பிரபுக்கள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். தான் போகாமல் இருந்தால் நிர்வாகத்துக்கு எரிச்சல் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருப்பது வேறு, அதற்காகவே இருப்பது வேறு. தலையாய நோக்கம் எது என்று பார்க்க வேண்டும். தனக்கு உரிமை உண்டென்று ஒருவர் உண்மையாக நம்பி இருந்தால், அந்த நம்பிக்கை சட்டப்படி பிசகானாலும், அது குற்றமாகாது. அவருக்கு வேண்டியது வீடு, துரையின் எரிச்சல் அல்ல. தண்டனை ரத்தானது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 441ஆம் பிரிவும் இதே மாதிரி எழுதப்பட்டது என்பதால், பின்னர் மாத்ரி எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் இந்தத் தீர்ப்பை எடுத்துப் பேசியது. அத்துமீறல் வழக்கு நடத்துகிற வக்கீல்கள் இன்றைக்கும் இதைப் புரட்டுகிறார்கள். ஒரு மலைநாட்டுத் தோட்டத்துக் குடியிருப்பில் தொடங்கிய பேச்சு அது. லயத்து வீட்டைப் பற்றி ஒரு தோட்டக் கமிட்டிக் கூட்டத்திலாவது இந்த வழக்கை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தொழிற்சங்கத் தலைவர்கள் மேடையில் பேச எத்தனையோ விஷயம் வைத்திருக்கிறார்கள், இதையும் வைத்துக்கொள்ளலாம். ஒன்றைக் கவனியுங்கள்: தீர்ப்பு அவரைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கியது, வீட்டை எழுதிக் கொடுக்கவில்லை.

சரி, கொழும்புக்கு வருவோம். எங்கள் வம்சத்தில் கூரைக்கு முதலில் காசு கொடுத்தவன் நான். முதல் மாதம் கொடுக்கும்போது வலித்தது. ரசீதில் என் பெயரைப் பார்த்தபோது ஒரு திமிரும் வந்தது. கொட்டாஞ்சேனை அறையை விட்டு வெள்ளவத்தையில் இடம் தேடிய காலத்தில் ஒரு வீட்டுக்கார அம்மா கேட்டார்:

“தம்பி எவ்விடம்?”

“மடுல்சீமை, அன்ரி.”

“அது எங்கால?”

“பதுளையிலேர்ந்து பசறை போயி, அதுக்கும் மேல.”

“தோட்டமோ?”

“ஆமாங்க.”

கொஞ்ச நேரம் என் சப்பாத்தைப் பார்த்தார். “வேலை செய்யிற இடத்தாலை ஒரு கடிதம் கொண்டுவாங்கோ. அடையாள அட்டைக் கொப்பியும் வேணும். பொலிசிலை பதிய வேணும்.”

அவர் கெட்டவர் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், அவரும் பொலிசில் பதிந்துதான் இருந்தார். ஆனால் கடிதம் கேட்டாரே, அங்கே நான் பழைய இடத்துக்கே வந்து நின்றேன். லயத்தில் செக்ரோல், இங்கே வேலைக் கடிதம். வேலை போனால் அறையும் ஆடும்.

பொலிஸ் பதிவு பழைய ஏற்பாடு. 1865ஆம் ஆண்டுப் பொலிஸ் கட்டளைச் சட்டத்திலேயே வீட்டில் இருப்பவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்க இடம் உண்டு. யுத்த காலத்தில் அந்தப் படிவம் எங்கள் சட்டைப்பைக்குள்ளேயே குடியிருந்தது. எந்தப் படிவமும் உதவாத நாளும் வந்தது. 2007 ஜூன் 7, விடிகாலை. புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கத்து லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பினார்கள். பெரும்பாலோர் வவுனியாவுக்கு. லொட்ஜில் தங்கச் சரியான காரணம் இல்லையாம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போக, அடுத்த நாளே இடைக்காலத் தடை வந்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். வாடகை கட்டி, ரசீது வைத்து, பதிந்தும் இருந்தவர்கள் அவர்கள். செல்வநாயகத்துக்கு நோட்டீசாவது கிடைத்தது.

வெளிநாட்டுக்காரர் விஷயத்தில் சட்டம் வேறு மாதிரி யோசிக்கிறது. 2014இன் 38ஆம் இலக்கக் காணிச் சட்டப்படி வெளிநாட்டவர் இலங்கைக் காணியைச் சொந்தமாக வாங்க முடியாது; குத்தகைக்கு எடுக்கலாம், அதற்கும் 99 வருடம் எல்லை. ஆனால் தொடர்மாடியில் நான்காம் மாடியிலிருந்து மேலே உள்ள வீட்டை, முழுக் காசையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால், வாங்கலாம் என்று அந்தச் சட்டம் வந்தபோது எழுதியிருந்தார்கள். மூன்றாம் மாடி அப்போது கூடாது. ஏன் நாலு என்று அந்தச் சட்டத்தில் தேடினேன், காரணம் எழுதியில்லை.

அந்தச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ஒக்டோபர் மாதத்திலேயே, 29ஆம் திகதி காலையில், எங்கள் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையில் மீரியபெத்தை லயங்கள் மேல் மலை சரிந்தது. இடம் ஆபத்து, விலகிப் போங்கள் என்று முன்னமே எச்சரித்திருந்தார்கள். எங்கே போவது? அட்வான்ஸ் கொடுத்து வீடு எடுக்கிற சம்பளமா அது? காணி அவர்களுடையது இல்லை, கம்பனி குத்தகைக்காரன், அரசு வீட்டுக்காரன். ஓட்டை விழுந்த கூரைக்கு யார் பொறுப்பு என்று கொழும்பில் வாடகை உடன்படிக்கையிலேயே ஒரு பிரிவு எழுதுவார்கள். 1992இன் குத்தகைகளில் லயத்துக்கு அப்படி ஒரு பிரிவு யார் தலையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும்.

நான்காம் மாடி, டொலர் வாடகை, தரகர் கேட்கிற ஒரு மாதக் காசு, எல்லாம் அடுத்த வாரம். தலைப்பைக்கூட இப்போதே ஆசிரியர் பீடத்துத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன், இனி மாற்ற விடமாட்டார். தோட்டக் குடும்பங்களுக்கான ஏழு பேர்ச் காணி பற்றி எழுதச் சொல்லி ரோபெரித் தோட்டத்திலிருந்து கடிதம் போட்டவர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். உங்கள் உறுதியின் கொப்பியை, பெயர் விலாசத்தை மறைத்து, அனுப்பிவையுங்கள். அதன் பின்பக்கப் பொடி எழுத்தைத்தான் நான் முதலில் படிக்க வேண்டும்.