பாட்டு ஒன்று, கட்சி இரண்டு!

பாட்டுப் பிடிக்கவில்லை என்று சண்டை போடுகிறவர்களை நீங்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பீர்கள். சுருதி சேரவில்லை என்பார் ஒருவர். காது சரியில்லை என்பார் மற்றவர். அதில் ஒரு நியாயமாவது இருக்கிறது. ஒரே பாட்டை உயிராக நேசிக்கும் இரண்டு பேர், அந்தப் பாட்டுக்காரர் யாருக்கு ஓட்டுக் கேட்டார் என்பதற்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டதைப் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். அதுவும் என் சொந்த அத்தை வீட்டில்!

அத்தைக்கு வடக்கனந்தல். கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே போனால், கல்வராயன் மலை நீல மேகம் மாதிரி எழும்பி நிற்கும் அடிவாரத்தில் இருக்கிறது ஊர். பக்கத்திலே கச்சிராயபாளையம், கோமுகி அணை. இந்த ஊருக்கும் அமெரிக்க ஜனாதிபதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நானும் அப்படித்தான் கேட்டேன்.

2025-ம் வருஷப் பொங்கலுக்கு, சென்னையிலிருந்து அத்தை மகளோடு நானும் அங்கே போயிருந்தேன். அவளுடைய அண்ணன், அதாவது என் அத்தான், இருபது வருஷத்துக்கு மேலாக அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் இருக்கிறார். அந்நாட்டுப் பிரஜையாகி, ஓட்டுரிமையும் பெற்றவர். எந்தப் பண்டிகையானாலும் செல்போனில் முகம் பார்த்துப் பேசிவிடுவார். இந்தத் தடவை அவருடைய அழைப்பு வந்ததும், அத்தை மகள் சட்டென்று எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். கோலமாவு டப்பாவைத் தேடுகிறாளாம். மாலை ஏழு மணிக்குக் கோலமாவு எதற்கு?

"மூணு மாசமா இதே கூத்துதான், கண்ணு. இவ இருந்தா அவன் சுருக்கமா பேசிட்டு வச்சிடறான். அவன் கூப்பிட்டா இவளுக்கு வேலை வந்துடுது" என்றாள் அத்தை.

"என்ன அத்தை, சொத்துத் தகராறா?"

"சொத்தா? அதெல்லாம் எப்பவோ பிரிச்சாச்சு. இது ரகுமான் தகராறு!"

ஓர் அரை மணி நேரக் கச்சேரி

விஷயம் இதுதான். 2024 நவம்பர் 5-ம் தேதி அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல். டொனால்டு டிரம்ப் ஒரு பக்கம். கமலா ஹாரிஸ் மறுபக்கம். கமலாவின் தாயார் சியாமளா கோபாலன், 1958-ல் பத்தொன்பது வயதில் படிப்பதற்காகத் தனியாக அமெரிக்கா போன தமிழ்ப் பெண். சிறு வயதில் பாட்டுக்குப் பரிசு வாங்கியவர். தாத்தாவின் பூர்விக ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். அந்த ஊர்க் கோயிலில் கமலாவின் வெற்றிக்காக அர்ச்சனை நடந்ததைப் பத்திரிகைகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கையில், அக்டோபர் மாதத்தில், ஏ.ஆர்.ரகுமான் கமலாவுக்காகச் சுமார் அரை மணி நேர இசை நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்து கொடுத்தார். ஆசிய அமெரிக்கர்களின் அரசியல் அமைப்பு ஒன்று அதை வெளியிட்டது. அவருடைய புகழ்பெற்ற பாட்டுக்கள். நடு நடுவே கமலாவுக்கு ஆதரவான செய்திகள்.

இங்கேதான் பிடித்தது வினை! அத்தான் டிரம்ப் கட்சி. "வரி கட்டுகிறவன் நான், வரிசையில் நின்று முறைப்படி குடியேறியவன் நான், ஓட்டுப் போடுகிறவன் நான். யாருக்குப் போடலாம் என்று ரகுமான் எனக்குச் சொல்வதா? இனி அவர் பாட்டைக் கேட்கமாட்டேன்" என்று குடும்பத்தார் அனைவரும் படிக்கும் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டார். ஓட்டே இல்லாத தங்கை சும்மா இருந்தாளா? "பாட்டை ரசித்தவனுக்கு நன்றி வேண்டும். நம் ஊர்ப் பெண்ணின் மகள் ஒருத்தி அவ்வளவு உயரத்துக்கு வந்தால் உனக்கேன் எரிகிறது?" என்று பதில் போட்டாள். அப்புறம் என்ன? வார்த்தை தடித்தது. தேர்தல் முடிந்தது. டிரம்ப் 312, கமலா 226 என்று கணக்கும் முடிந்தது. அண்ணன் தங்கை கணக்கு மட்டும் முடியவில்லை.

இதில் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். இங்கிலாந்தில் பிறந்து, குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்தில் கழித்து, போர் காரணமாக மறுபடி லண்டனுக்கு அகதியாகப் போன பாடகி ஒருவர் இருக்கிறார். மாதங்கி அருள்பிரகாசம் என்பது இயற்பெயர்; எம்.ஐ.ஏ. என்றால் உலகத்துக்கே தெரியும். அவர் அதே 2024-ல் டிரம்பை ஆதரித்தார்! ஆக, ஒரு தமிழர் இந்தப் பக்கம், ஒரு தமிழ்ப் பெண் அந்தப் பக்கம்.

வேடிக்கை அதோடு நிற்கவில்லை. 'ஸ்லம்டாக் மில்லியனேர்' படத்தில் 'ஓ சாயா' என்ற பாட்டை ரகுமானும் எம்.ஐ.ஏ.யும் சேர்ந்துதான் உருவாக்கிப் பாடினார்கள். 2009-ல் ஆஸ்கார் பரிசுக்குப் போட்டியிட்ட மூன்று பாட்டுக்களில் அதுவும் ஒன்று. இரண்டு குரலும் அந்தப் பாட்டுக்குள் இன்றைக்கும் சண்டையில்லாமல்தான் குடியிருக்கின்றன. வெளியே நிற்கும் ரசிகர்கள்தான் மல்லுக்கு நிற்கிறோம்.

டிராக்டர் ஏற்றிய ரசிகர்கள்

இது நம்மவர் குணம் மட்டும்தான் என்று வருத்தப்பட வேண்டாம். அமெரிக்காவிலேயே 'டிக்ஸி சிக்ஸ்' என்று மூன்று பெண்கள் கொண்ட ஒரு பாட்டுக் குழு இருந்தது. டெக்ஸாஸ்காரர்கள். 2003 மார்ச் மாதம், ஈராக் யுத்தம் தொடங்கப் போகும் நேரம். லண்டன் மேடையில் பாடிக்கொண்டிருந்த பெண், ஜனாதிபதி புஷ் தங்கள் மாகாணத்துக்காரர் என்பதற்காக வெட்கப்படுவதாகச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு வாக்கியம்! ஊரில் வானொலி நிலையங்கள் அவர்கள் பாட்டை நிறுத்திவிட்டன. ஆசை ஆசையாய் வாங்கிய இசைத்தட்டுகளைத் தெருவில் குவித்து, அதன் மேல் டிராக்டரை ஏற்றி நசுக்கினார்கள் ரசிகர்கள். கொலை மிரட்டல்கூட வந்தது. நான்கு வருஷம் கழித்து, 2007-ல், அதே குழுவுக்கு ஐந்து கிராமி பரிசுகள் கிடைத்தன.

டிராக்டர் கதையை அத்தைக்குச் சொன்னேன். கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "நம்ம வீட்டிலேயும் ஒரு தடவை டிராக்டர் ஏற வேண்டியதுதான், கண்ணு. உன் மாமாவோட அம்மா தடுத்துட்டாங்க" என்றாள்.

ஒரு ரேடியோ, இரண்டு கட்சி

அத்தை இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது 1966-ல். கூட்டுக் குடும்பம். பெரிய மாமா அசைக்க முடியாத காங்கிரஸ். அவருக்குப் பாட்டு என்றால் கே.பி.சுந்தராம்பாள்தான். சுதந்திரப் போராட்டக் காலத்தில் காங்கிரஸ் மேடைகளில் பாடி, பிற்பாடு மேல்சபை உறுப்பினராகவும் இருந்தவர் அல்லவா? சின்ன மாமா, அதாவது அத்தையின் வீட்டுக்காரர், தி.மு.க. அவருக்கு நாகூர் ஹனிபாவின் குரலைக் கேட்டால்தான் சோறு இறங்கும். வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு ரேடியோ!

1967 தேர்தல் வந்தது. ஆட்சி மாறியது. பெரிய மாமா மூன்று நாள் வெளியே தலை காட்டவில்லை. நாலாம் நாள், ஹனிபாவின் பெயரைக்கூட வீட்டில் சொல்லக் கூடாது என்றார். அப்படியானால் சுந்தராம்பாளும் கூடாது என்றார் தம்பி. ரேடியோ மூலைக்குப் போயிற்று.

இரண்டு வருஷம் கழித்து, 1969 ஆகஸ்டில் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. நம் நாட்டில் ஜனாதிபதியை எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், நமக்கு நேரடியாக ஓட்டுக் கிடையாது. ஆனாலும் என்ன பரபரப்பு! காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. இந்திரா காந்தி சாய்ந்ததோ வி.வி.கிரியின் பக்கம். தி.மு.க.வும் கிரிக்கே ஆதரவு. இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணித்தான் கிரி ஜெயித்தார். அந்த வருஷ முடிவுக்குள் காங்கிரஸே இரண்டாகிவிட்டது. காமராஜரை நம்பியிருந்த பெரிய மாமா, "சமையலைப் பிரித்துக்கொள்ளலாம்" என்றாராம்.

"அப்பத்தான் எங்க மாமியார் மூலையிலேருந்து ரேடியோவை எடுத்துத் துடைச்சாங்க. 'டேய், நீங்க ரெண்டு பேரும் எந்தக் கட்சியா வேணா இருங்க. இலங்கை வானொலி போடறப்போ ரெண்டு பேரும் திண்ணையிலே வந்து உக்காரணும். வராதவனுக்கு ராத்திரி சோறு கிடையாது'ன்னாங்க. வந்தாங்க. மொறைச்சுக்கிட்டேதான் உக்காந்தாங்க. ஆனா உக்காந்தாங்க" என்றாள் அத்தை.

மாமியார் கெட்டிக்காரி! படித்தவளல்ல. ஆனால் ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது: பாடுகிறவர்கள் நம்மைப்போல் கோடு கிழித்துக்கொண்டு நிற்பதில்லை. காங்கிரஸ்காரரான அதே சுந்தராம்பாள்தான், 1964-ல் மு.கருணாநிதி கதை வசனம் எழுதிய 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகளாக நடித்துப் பாடினார். வாழ்நாள் முழுதும் ஒரே கட்சியில் இருந்த ஹனிபாவின் பக்திப் பாடல்களை, எந்தக் கட்சிக்காரர் வீட்டில், எந்த மதத்தார் வீட்டில் கேட்கவில்லை?

யார் பக்கம் நியாயம்?

'அரசியல் பேசாமல் பாடிவிட்டுப் போக வேண்டியதுதானே' என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. வித்வானும் மனிதர்தானே? அவருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும், சொல்லட்டும். ரசிகருக்கு அது பிடிக்காமல் போகலாம்; கோபப்படட்டும். நாலு மாதம் பாட்டைக் கேட்காமல்கூட இருக்கட்டும். காசு கொடுத்து வாங்கிய இசைத்தட்டு. உடைக்கவும் உரிமை உண்டு.

ஆனால் வாசகிகளே, இதை மட்டும் யோசித்துப் பாருங்கள். ஒரு பாட்டை நீங்கள் முதன்முதலில் கேட்டபோது பக்கத்தில் யாராவது இருந்திருப்பார்கள். அக்காவோ, தோழியோ, கணவரோ. இன்று அந்தப் பாட்டைக் கேட்டால் பாடினவர் முகமா ஞாபகம் வருகிறது? கூடக் கேட்டவர் முகம்தான் முதலில் வந்து நிற்கிறது. பாடகர் நம் கோபத்தை அறியமாட்டார். அவருக்கு நஷ்டமும் இல்லை. கூடக் கேட்டவர் அறிவார்.

அத்தை இதையே தன் பாஷையில் சொன்னாள்: "பாட்டுக்காரரை விட்டா வேற பாட்டுக்காரர் கிடைப்பாரு. கூட உக்காந்து கேட்டவளை விட்டா, வேற தங்கச்சிக்கு அவன் எங்கே போவான்?"

பரணில் கிடைத்த பொக்கிஷம்

மாட்டுப் பொங்கலன்று அத்தை என்னைப் பரண் மேல் ஏற்றினாள். ஒரு தகரப் பெட்டியைக் காட்டி இறக்கச் சொன்னாள். உள்ளே பழைய காஸெட்டுகள். அடியில் 'ரோஜா'. 1992-ல் வந்த, ரகுமானின் முதல் படம். அண்ணனும் தங்கையும் கைக்காசைச் சேர்த்து வைத்து வாங்கியதாம். அட்டையின் மேல் இரண்டு பெயரும் பேனாவால் எழுதியிருந்தது. உள்ளே பார்த்தால், நாடா முழுதும் வெளியே வந்து, இடியாப்பமாய்ச் சுருண்டு கிடந்தது!

அன்று மாலை அத்தானின் அழைப்பு வந்தது. அத்தை மகள் வழக்கம்போல் எழுந்தாள். அத்தை போனுக்கு நேரே அந்தக் காஸெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "டேய், இதை இந்தக் கதி பண்ணினது யாருடா?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் மௌனம். பிறகு, "அவதான்! பென்சில்லே சுத்தறேன்னு சொல்லி நாசம் பண்ணினா" என்றது குரல்.

கொல்லைக் கதவு வரைக்கும் போனவள் திரும்பினாள். "நானா? ராத்திரி பூரா ஓட்டி ஓட்டி நாடாவைச் சிக்க வச்சது யாரு? நான் சரி பண்ணப் பார்த்தேன்!" என்று கூவிக்கொண்டே வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

அரை மணி நேரம் நடந்தது சண்டை. டிரம்பும் வரவில்லை, கமலாவும் வரவில்லை. நடுவில் இருவரும் சிரித்த சத்தம்கூடக் கேட்டது. அத்தான் மறுபடி ரகுமான் பாட்டைக் கேட்கிறாரா என்று நான் விசாரிக்கவில்லை. அத்தையும் கேட்கவில்லை.

அவள் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு பென்சிலால் நாடாவை மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தாள்.