கணினி வாங்கும் காசும் வைத்திருக்கும் காசும்

வாடைக்காற்று வீசும் மாதங்களில் காங்கேசன்துறையில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் உப்புப் பிசுபிசுக்கும். அந்தக் காற்று பாடசாலைக் கணினிக்குள்ளும் போகிறது. மூடியைத் திறந்தால், இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறியிருப்பதைக் காணலாம்.

1990இல் இடம்பெயர்ந்து, உயர்பாதுகாப்பு வலயக் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட பின் திரும்பிய ஊர் இது. இங்குள்ள பாடசாலைகளுக்குப் பழைய மாணவர்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் கைகொடுப்பது பெரிய பலம். ஆனால் நன்கொடைக் கணக்கு பெரும்பாலும் வாங்கிய விலையோடு முடிந்துவிடுகிறது. வாங்குவது முதல் கழிப்பது வரை ஆகும் முழுச் செலவையும் கூட்டிப் பார்ப்பதே 'மொத்த உடைமைச் செலவு'. 1987இல் கார்ட்னர் நிறுவனம் இம்முறையைப் பரவலாக்கியது.

ஒரு மாதிரிக் கணக்கு

இருபது கணினிகள், ஒவ்வொன்றுக்கும் 150 வாட். நாளுக்கு நான்கு மணிநேரம் இயங்கினால் 12 அலகு மின்சாரம்; 200 பாடசாலை நாளுக்கு 2,400 அலகு. ஒன்றரைக் கிலோவாட் குளிரூட்டிகள் இரண்டு ஓடினால் அந்தத் தொகை இரட்டிக்கும். யூபிஎஸ் பற்றரி இரண்டு, மூன்று ஆண்டுகளில் கைவிடும். இணையக் கட்டணம், பழுதுபார்ப்பு, ஆசிரியர் பயிற்சி ஆகியவை தனி.

இந்தச் செலவுகள் நின்ற இடத்தில் நிற்பதுமில்லை. நாட்டின் சராசரி மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் கூட்டப்பட்டது. அந்த இரண்டு உயர்வும் சேர்ந்து கட்டணத்தை ஏறக்குறைய மூன்று மடங்காக்கின. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. இறக்குமதியாகும் பற்றரியின் விலையும் அதோடு ஏறியது.

இலவசமாக வரும் பழைய கணினிக்கும் செலவு உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பித்தல் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றது. பழைய இயந்திரங்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. உபுண்டு போன்ற இலவச இயங்குதளம் கைகொடுக்கும். அதைப் பழக்க ஆசிரியருக்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

பாடசாலை அபிவிருத்திச் சங்கம் நன்கொடை கேட்டு எழுதும் கடிதத்திலேயே ஐந்தாண்டுச் செலவைச் சேர்த்து எழுதலாம்: மின்சாரம், பற்றரி, இணையம், பழுது, பயிற்சி. இருபது வாங்கும் காசில் பதினைந்தை வாங்கி, மிச்சத்தைப் பராமரிப்புக்கென வங்கியில் இடலாம். உப்புக்காற்று நேரே படாத அறையைத் தேர்ந்து, கணினிகளுக்கு உறை போட்டு, தவணைக்கு ஒருமுறை துடைப்பதற்குப் பெரிய காசு தேவையில்லை.

இன்று ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுத ஆறு ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தப் பிள்ளையின் மேசையில் கணினி இயங்குமா என்பதே நாம் போடவேண்டிய கணக்கு.