நடுக்குவாதமும் காரணம் புலப்படாத் துன்பங்களும்

பார்க்கின்சன் நோய் என்றவுடன் நடுங்கும் கைகளும் தளர்ந்த நடையுமே நம் நினைவுக்கு வரும். 1817ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், ஆறு நோயாளரின் நிலையைக் கண்டு எழுதிய சிறு நூலில் இந்நோயை நடுக்குவாதம் என்றே குறித்தார். ஆயினும் இந்நோயுற்றோர் படும் துன்பம் நடுக்கத்தோடு முடிவதில்லை. இடம் மாறும் வலி, தீராத சோர்வு, திடீரெனக் கால் வலுவிழத்தல் எனப் பலவற்றை அவர்கள் முறையிடுவர். எக்ஸ்ரேயும் இரத்தச் சோதனையும் எதனையும் காட்டா. அந்நிலையில் “எல்லாம் மனப்பிரமை” என்று வீட்டார் ஒதுக்கிவிடுவதுண்டு. இவ்வெண்ணம் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நடுமூளையில் கருநிறப்பொருள் எனப்படும் சிறு பகுதி உள்ளது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. இந்நோயில் அவ்வணுக்கள் படிப்படியாக அழிகின்றன. டோபமின் அசைவுக்கு மட்டும் உரியதன்று. ஊக்கம், கவனம், உணர்ச்சி ஆகியவற்றுக்கும் அது இன்றியமையாதது. தலைமதகில் நீர் குறைந்தால் கடைமடை வயல்களும் வாடுவது போல, இக்குறைபாடு மூளையின் பல பகுதிகளையும் தாக்குகின்றது.

மூளையின் பகுதிகள் தனித்தனியே இயங்குவன அல்ல; வலைப்பின்னல்களாக இணைந்து இயங்குவன. நாம் ஓய்ந்து நம்மைப் பற்றியே எண்ணுகையில் ஒரு பின்னல் செயற்படுகின்றது. உடலிலிருந்து வரும் செய்திகளுள் எதற்குக் கவனம் தரவேண்டும் என்பதை மற்றொன்று தேர்கின்றது. பார்க்கின்சன் நோயாளரிடம் இப்பின்னல்களின் இணைப்பு மாறியிருப்பதை எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் காட்டியுள்ளன. தேர்ந்தெடுக்கும் பின்னல் பிறழின், பிறர் உணராது கடக்கும் சிறு செய்தியும் பெருவலியாகத் தோன்றக்கூடும். எனினும், மாற்றம் உடன் காணப்படுவதாலேயே அதுவே காரணம் என அறுதியிடுதல் முறையன்று.

எதிர்பார்ப்பு உடலை மாற்றுமோ எனச் சிலர் ஐயுறலாம். 2001ஆம் ஆண்டில் கனடாவின் வான்கூவர் நகர ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இதற்கு விடை தருகின்றது. மருந்தில்லா வெற்று ஊசியை மருந்தாக இருக்கக்கூடும் என்று கருதிய பார்க்கின்சன் நோயாளரின் மூளையில் டோபமின் மெய்யாகவே சுரந்தது. நலம் வரும் என்னும் நம்பிக்கை வேதிப்பொருளாக மாறுமாயின், துன்பம் வரும் என்னும் அச்சமும் உடலில் தடம் பதிக்கும் என்பதில் வியப்பில்லை.

இத்துன்பங்களை இருவகையாகப் பிரித்தறிதல் வேண்டும். மலச்சிக்கல், மணம் அறியாமை, தோள்வலி போன்றவை நடுக்கத்திற்குப் பல்லாண்டு முன்னரே தோன்றக்கூடும். இவை நோயின் நேர்விளைவுகள். மற்றவை செயற்பாட்டுக் கோளாறுகள். இவ்விரண்டும் ஒருவரிடமே அமைதலும் உண்டு. நூறிலிருந்து ஏழேழாகக் கழித்து வருமாறு கூறினால், பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் மிகும்; செயற்பாட்டு நடுக்கமோ கவனம் திரும்பியதும் குறையும், அன்றேல் தாளம் மாறும். தேர்ந்த மருத்துவர் இத்தகைய குறிகளைக் கொண்டே வேறுபாட்டைத் தெளிவர்.

இத்தெளிவின் பயன் பெரிது. டோபமின் குறைபாட்டுக்கு லெவோடோபா மருந்து துணைபுரியும். செயற்பாட்டுக் கோளாறுக்கோ நோயின் தன்மையைப் பொறுமையாக விளக்குதலும், இயன்முறைப் பயிற்சியும், உளமருத்துவமும் வேண்டும். வேறுபாடு அறியாது மருந்தின் அளவைக் கூட்டினால், கட்டுக்கடங்கா உடலசைவு, இல்லாதன கண்முன் தோன்றுதல் முதலிய கேடுகள் விளையலாம். அனைத்தும் மனப்பிரமை எனத் தள்ளினாலோ, தீர்க்கத்தக்க நோயும் தீராது நின்றுவிடும்.

ஆகவே, சோதனையில் காரணம் புலப்படாமை துன்பம் இன்மைக்குச் சான்றாகாது. நம் இல்லத்து முதியவர் “கால் மரத்துப்போகிறது” என்று மீண்டும் மீண்டும் கூறினால், “நடிக்கிறார்” என்னும் சொல்லைத் தவிர்ப்போம். எந்நேரத்தில், எவ்வளவு நேரம், மருந்து உண்ணுமுன்போ பின்போ எனக் கேட்டுக் குறித்து மருத்துவரிடம் அளிப்போம். அக்குறிப்பு மருத்துவருக்கு வழிகாட்டும். தம் சொல்லை நம்புவோர் உளர் என்னும் ஆறுதலை முதியவருக்கும் தரும்.