பெயரை இழந்த பாடல்கள்: கனடாவின் ஸ்ரான் ரோஜர்ஸ்

நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் பெயர் இல்லை என்பது நாம் பாடசாலையில் படித்த முதல் இலக்கணம். வாய்மொழியாக வந்தது, பலர் கைபட்டது, கட்டியவர் யாரென்று அறிய முடியாதது என்பார்கள். அப்படியாயின் ஒருவர் தம் பெயரைப் போட்டு எழுதி, தாமே இசைத்தட்டாக்கி விற்ற பாடலை நாட்டார் பாடல் எனலாமா? இக்கேள்வியை மனதிற் கொண்டு, கனேடியப் பாடகர் ஸ்ரான் ரோஜர்ஸை இன்று நேயர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன்.

ரோஜர்ஸ் 1949 நவம்பர் 29 ஆம் திகதி ஒன்ராறியோ மாகாணத்தின் ஹமில்ரன் நகரிற் பிறந்தார். ஹமில்ரன் உருக்காலைகளின் நகரம். கடலுக்கும் அதற்கும் வெகுதூரம். ஆனால் அவரது பெற்றோர் இருவரும் அத்லாந்திக் கரையிலுள்ள நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்தவர்கள். பிழைப்புத் தேடி மேற்கே வந்த எத்தனையோ கரையோரக் குடும்பங்களில் அதுவும் ஒன்று. தந்தையார் செங்கல் அடுக்கும் மேசன். கோடை விடுமுறையில் பிள்ளைகள் ஊருக்குப் போவார்கள். அங்கே மாமன்மார் சமையலறையிற் கூடிப் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர் ஸ்ரான். அவருக்கு ஐந்து வயதாக இருக்கும்போது மாமன் ஒருவர் தம் கையாலேயே ஒரு கிற்றார் செய்து கொடுத்தாராம்.

பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டுவிட்டுப் பாட்டே தொழிலென்று இறங்கினார். 1970 இலும் 1971 இலும் ஆர்.சி.ஏ. என்ற பெரிய நிறுவனம் அவரது சிறு இசைத்தட்டுகள் இரண்டை வெளியிட்டது. அவை எடுபடவில்லை. அதன்பின் ஒன்ராறியோவின் சிறு நகரங்களில், கோப்பி அருந்திக்கொண்டே பாட்டுக் கேட்கும் மண்டபங்களிற் பாடித் திரிந்தார். கூட வயலினும் புல்லாங்குழலும் வாசித்தவர் தம்பி கார்னெற். இக்காலத்தில் நோவா ஸ்கோஷியாவிலிருந்த அத்தை ஒருவர், இந்த ஊரைப் பற்றி நீ ஏன் பாட்டெழுதக் கூடாது என்று கேட்டதாகச் சொல்வார்கள். அதன் விளைவே 1976 இல் ஒலிப்பதிவான 'பொகார்ட்டிஸ் கோவ்' என்ற முதல் நீள் இசைத்தட்டு.

அத்தட்டில் ஒரு பாடல், 'மேக் அன்ட் பிறேக் ஹார்பர்'. ஒற்றைச் சிலிண்டர் கொண்ட பழைய படகு இயந்திரத்தை அக்கரையில் 'மேக் அன்ட் பிறேக்' என்பார்கள். அந்த இயந்திரத்தின் சத்தம் குறைந்துகொண்டு போகும் துறைமுகம் ஒன்றில், பெரிய இழுவைக் கப்பல்கள் மீனை வாரிக்கொண்டு போவதைப் பார்த்து நிற்கும் ஒரு மீனவனின் கூற்றாக அது அமைகிறது. கோஷமில்லை, குற்றச்சாட்டுக்கூட அடங்கிய குரலிற்றான் வருகிறது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1992 இல், கொட் மீன் வளம் அழிந்துபோனதால் கனேடிய அரசு நியூபவுண்ட்லாந்துக் கரையில் அம்மீன்பிடியைத் தடைசெய்தது. பல்லாயிரக்கணக்கானோர் தொழில் இழந்தனர். பாடல் ஏற்கனவே எழுதப்பட்டிருந்தது.

அதே தட்டிலுள்ள 'பாரெற்ஸ் பிறைவெற்றியர்ஸ்' வேறு வகை. எங்கள் கரைவலைக்காரர் பாடும் அம்பாப் பாடலைப் போல, ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடும் கப்பற் பாட்டு அது. 1778 ஆம் ஆண்டில் எதிரிக் கப்பலைக் கொள்ளையடிக்கப் போய், உருக்குலைந்து கரை சேர்ந்த ஓர் இளைஞன் கதை சொல்கிறான். சட்பரி நகரின் இசைவிழாவொன்றில் நண்பர்கள் பழைய கப்பற் பாட்டுகளைப் பாடியதைக் கேட்டபின் ரோஜர்ஸ் எழுதியது. பாரெற் என்ற கப்பற்றலைவனும் அவனது கப்பலும் முழுக் கற்பனை. ஆயினும் அதை இருநூறு ஆண்டுப் பழமையான பாடலென்று நம்புவோர் ஏராளம். கடற்படையினரும் மாணவரும் மதுச்சாலைகளிற் கூடிப் பாடுகிறார்கள். பாடுவோரிற் பலருக்கு ஆசிரியர் பெயர் தெரியாது. பாடப்புத்தக இலக்கணம் இங்கே ஒரு தலைமுறைக்குள்ளேயே நிறைவேறிவிட்டது.

முதற் தட்டுக்கு வினிப்பெக் இசைவிழாவின் நிறுவுநர் மிற்ச் பொடோலாக் துணைநின்றார். அடுத்தவற்றைக் குடும்பமே தன் சொந்த நிறுவனத்தின் பெயரில் வெளியிட்டது. அந்த நிறுவனத்தை நடத்தியவர் பெரும்பாலும் தாயார் வலரிதான். 1979 இல் வந்த மூன்றாவது தட்டு, இன்று நம்மவர் பலர் வாழும் ரொறன்ரோவில் 'குறோனிங் போர்ட்' என்ற உணவகத்திற் பாடியதன் நேரடி ஒலிப்பதிவு. அவரை முழுமையாக அறிய இத்தட்டே சிறந்தது என்பது என் எண்ணம். கலையகப் பதிவுகளில் சில இடங்களில் வாத்தியங்கள் அந்தக் கனத்த குரலை மூடிவிடுகின்றன.

'மேரி எலன் கார்ட்டர்' இத்தட்டிலேயே உள்ளது. ஒரு கப்பல் மூழ்குகிறது. காப்புறுதிப் பணம் கிடைத்ததும் முதலாளிகள் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். பலமுறை தம் உயிர் காத்த கப்பலை விட மனமில்லாத மாலுமிகள், தாமே சுழியோடி ஓட்டைகளை அடைத்து, அதை மேலே கொண்டுவர முயல்கிறார்கள். கப்பல் மேலே வந்ததா என்று பாடல் சொல்வதில்லை. நாளை எழுப்புவோம் என்பதோடு நின்றுவிடுகிறது. நல்ல சிறுகதையாசிரியரின் கை இது.

1983 பெப்ரவரி 12 அன்று 'மரீன் இலெக்ட்ரிக்' என்ற நிலக்கரிக் கப்பல் அமெரிக்காவின் வர்ஜீனியாக் கரைக்கு அப்பால் புயலில் மூழ்கியது. 34 பேரில் 31 பேர் இறந்தனர். தப்பிய மூவரில் ஒருவர் தலைமைத் துணை அதிகாரி றொபேர்ட் கியூசிக். நீர் நிறைந்த உயிர்காப்புப் படகொன்றில், உறையும் குளிரில், அலை மூடும்போது மூச்சை அடக்கி, விலகும்போது இந்தப் பாடலின் எழுந்து நில் என்னும் பல்லவியை உரக்கப் பாடியபடி விடியும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். பின்னர் இதனை ரோஜர்ஸுக்குக் கடிதமாக எழுதினார். கடலிற் தொழில் செய்திராத ஒருவர் மாலுமியின் குரலில் எழுதலாமா என்று கேட்கும் விமர்சகருக்கு, ஒரு மாலுமி தந்த பதிலாகவும் இக்கடிதத்தைக் கொள்ளலாம்.

அதே ஆண்டு ஜூன் 2 ஆம் திகதி, ரெக்சாஸ் மாநிலத்தின் கெர்வில் இசைவிழாவிற் பாடிவிட்டு ரோஜர்ஸ் எயர் கனடா விமானத்திற் திரும்பிக்கொண்டிருந்தார். விமானத்தின் பின்புறக் கழிப்பறைப் பகுதியில் தீப் பிடித்தது. சின்சினாட்டி விமான நிலையத்தில் அவசரமாகத் தரையிறங்கிக் கதவுகள் திறக்கப்பட்ட ஒன்றரை நிமிடத்துக்குள் உட்புறம் எங்கும் தீ பரவியது. இருந்த 46 பேரில் 23 பேர் மாண்டனர். ரோஜர்ஸும் அவர்களில் ஒருவர். வயது 33.

பெரு ஏரிகளைப் பற்றி அவர் முடித்துவைத்த பாடல்கள் மறு ஆண்டு வெளிவந்தன. 1981 இல் வாத்தியம் எதுவுமின்றி அவர் பாடிப் பதிந்த 'நோர்த்வெஸ்ற் பசேஜ்', 2005 இல் கனேடிய வானொலி நேயர்கள் பங்குகொண்ட தெரிவில் நாட்டின் பாடல்களுள் நான்காவது இடத்தைப் பெற்றது. கோடை விடுமுறைகளில் அவர் போய்வந்த கரையில், கன்சோ என்ற மீனவ ஊரில், 1997 இல் அவர் பெயரால் ஓர் இசைவிழா தொடங்கப்பட்டது. கொட் மீன்பிடி நின்று அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.